இருட்டில் வேலை செய்யும் கைக்கு எந்த விளக்கு?



போன வருசம் ஒரு நாள், விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வெளியே வந்து பார்த்தால், பால் வெட்டும் அக்கா ஒருவர். இடது கையைத் தலைத்துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார். துண்டு முழுக்க இரத்தம்.

"என்னக்கா ஆச்சு?"

"தலை லைட்டு நின்னு போச்சு டிரெசரய்யா. இன்னும் அறுபது மரந்தான் பாக்கி. முப்பது வருசமா வெட்டுற கைதானே, கண்ண மூடிக்கிட்டும் வெட்டலாம்னு நெனச்சுட்டேன்."

கிளினிக்கைத் திறந்து காயத்தைக் கழுவிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் உளி ஆழமாக இறங்கியிருந்தது. "விரலை மடக்குங்கக்கா" என்றேன். மடங்கவில்லை. விரலை இழுக்கும் நரம்பு என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தசைநாண் அறுந்துவிட்டது. அதற்கு மேல் தோட்டக் கிளினிக்கில் தையல் போடக்கூடாது. கட்டுப்போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். ஆபரேஷன் ஆயிற்று. பல மாதம் உளி பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த விரல் முழுசாக மடங்காது.

அந்த விளக்கு பசார் மாலாமில் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கியது. "நல்ல வெளிச்சம், சார்ஜ் பண்ணிக்கலாம்னு சொன்னாங்க" என்றார் அக்கா. மிச்சம் பிடித்த காசு எவ்வளவு, போன சம்பளம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கைப் பற்றி ஒரு மருந்துக்காரன் ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். இதனால்தான் எழுதுகிறேன். இருட்டில் கை வேலை செய்பவருக்கு விளக்கும் ஒரு பாதுகாப்புச் சாதனம். தலைக்கவசம், பூட்ஸ் மாதிரி அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

நமக்கு ஏன் இருட்டில் வேலை?

கித்தா மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியும் முன்பு அழுத்தம் மிக அதிகம். மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்கும். மரத்தில் அழுத்தம் குறையும். பாலும் குறையும். அதனால்தான் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருட்டோடு எழுந்து தீம்பாருக்குப் போகிறோம்.

கடிகாரமும் ஒரு காரணம். 1982 ஜனவரி 1ஆம் தேதி முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை. நம் ஜொகூரில் இன்று சூரியன் உதிப்பது சுமார் 6.45க்கும் 7.15க்கும் இடையில். ஆகவே குளுவாங் பக்கமானாலும், சிகாமட், லாபிஸ் பக்கமானாலும், காலைப் பெரட்டுக்கு வருகிறவர் கும்மிருட்டில்தான் வருகிறார்.

இப்போது ஜொகூரில் பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. குலை வெட்டு வெளிச்சம் வந்த பிறகுதான். ஆனாலும் லோரியில் பழம் ஏற்றுகிறவர், டிராக்டரின் அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிறவர், ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவர், தண்ணீர்ப் பம்பு கெட்டுப்போனால் ஓடுகிறவர் எல்லாருக்கும் இரண்டு கையும் வேலையில் இருக்க வேண்டும், வெளிச்சமும் வேண்டும். டார்ச்சு லைட்டை வாயில் கவ்விக்கொண்டு ஸ்பேனர் பிடித்து, பல் உடைந்து வந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

கார்பைட் விளக்கிலிருந்து இன்றுவரை

பெரியவர்களுக்குக் கார்பைட் விளக்கு நினைவிருக்கும். நெற்றியில் கட்டும் விளக்கு. கார்பைட் கல்லின்மேல் தண்ணீர் சொட்டும். அசிட்டிலின் என்ற வாயு வரும். அது எரிந்து வெளிச்சம் தரும். வெளிச்சம் நல்ல வெளிச்சம்தான். ஆனால் நெருப்பு நெருப்புதான். புருவம் கருகும், முடி பொசுங்கும். எரிந்து மிஞ்சும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணே புண்ணாகும்.

இன்றைய தலைவிளக்கில் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, வெள்ளை வெளிச்சம் தரும் எல்.இ.டி. அதற்கு வழி திறந்தது நீல எல்.இ.டி. அதைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொன்று லித்தியம் அயன் பேட்டரி. 1991இல் விற்பனைக்கு வந்தது. அதற்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் மெச்சிய பொருள்தான் நம் நெற்றியில் இருக்கிறது. ஆனால் அதே பொருளில் மட்டமான சரக்கும் போலியும் ஏராளம். அதைத்தான் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அதிக வெளிச்சம் எல்லாம் நல்ல வெளிச்சமா?

கடையில் முதலில் கண்ணில் படுவது "லூமென்" என்ற கணக்கு. விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. கடைக்காரர் ஆயிரம் என்பார், பத்தாயிரம் என்பார். எண் பெரிசானால் விளக்கு நல்லது என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

பால் வெட்டும்போது மரப்பட்டை நம் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் பலமான வெளிச்சம் அடித்தால் அது பட்டையிலும் வெள்ளைப் பாலிலும் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். கண்மணி சுருங்கும். அடுத்த மரத்துக்குப் போகத் தலையை நிமிர்த்தினால் வெளிச்ச வட்டத்துக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒவ்வொரு மரத்திலும் கண்ணைக் கூச வைத்தால் வாய்க்கால் எங்கே, வேர் எங்கே என்று எப்படித் தெரியும்?

கிட்டத்து வேலைக்கு 50 முதல் 100 லூமென் தாராளம். நடந்து போக 100 முதல் 200 போதும். தூரத்தில் பார்க்க வேண்டிய சமயத்துக்கு மட்டும் அதற்கு மேல். ஆகவே, குறைத்துக் கூட்டும் வசதியுள்ள விளக்காக, குறைந்தது மூன்று படி உள்ளதாகப் பாருங்கள்.

வெளிச்சம் விழும் விதமும் முக்கியம். நடுவில் ஒரு பொட்டு போல அடித்து, சுற்றிலும் இருட்டாக இருக்கும் விளக்கு தூரத்துக்கு நல்லது, கை வேலைக்கு ஆகாது. கை வேலைக்கு அகலமாக, ஒரே சீராகப் பரவும் வெளிச்சம் வேண்டும். கடையிலேயே ஒரு கை தூரத்தில் சுவரில் அடித்துப் பாருங்கள். உங்கள் இரண்டு கையும் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். கோடு கோடாக, திட்டுத் திட்டாக இருக்கக்கூடாது.

நிறத்தையும் கவனியுங்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் கூசும், பட்டையின் நிறங்களைச் சரியாகக் காட்டாது. பட்டை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்துத்தானே கண்டுபிடிக்கிறோம்? உளி கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் மரத்துக்குக் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். காலை வெயில் போன்ற இயல்பான வெள்ளை நல்லது. சில விளக்கில் சிவப்பு வெளிச்சமும் இருக்கும். அது கண்ணைக் கூசாது. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் இரத்தம் சரியாகத் தெரியாது. கையில் வெட்டுப்பட்டது தெரியாமல் வேலை செய்து கொண்டிருப்பீர்கள். வேலைக்கு அது வேண்டாம்.

எத்தனை மணி நேரம் எரியும்? நீங்களே கணக்குப் போடலாம்

பெரும்பாலான தலைவிளக்கில் இருப்பது விரல் பருமனுக்கு மேல் இருக்கும் ஒரு பேட்டரி. அதன் பெயர் 18650. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். அதில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதை "மில்லி ஆம்பியர் மணி" என்று எழுதியிருப்பார்கள். 3000 என்று இருந்தால் நல்ல பேட்டரி. 3500 வரையும் நல்ல கம்பெனிகள் செய்கின்றன.

3000 பிடிக்கும் பேட்டரியில் ஏறக்குறைய 11 வாட் மணி மின்சாரம் இருக்கிறது. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். அப்படியானால் 100 லூமெனில் வைத்து எரித்தால் காகிதக் கணக்கில் 11 மணி நேரம். வீணாவது போக 8, 9 மணி நேரம் வரும். 500 லூமெனில் வைத்தால் இரண்டு மணி நேரம்தான். 1000 லூமெனில் வைத்தால் ஒரு மணி நேரம்கூட வராது. பெரிய வெளிச்சம் வேண்டும், நாள் முழுக்க எரியவும் வேண்டும் என்றால் ஒற்றைப் பேட்டரியில் நடக்காது. இது யாராலும் மாற்ற முடியாத கணக்கு.

இன்னொரு சூட்சுமம். பெட்டியில் "30 மணி நேரம் எரியும்" என்று போட்டிருக்கலாம். அது பொய் என்று சொல்ல முடியாது. எப்.எல்.1 என்று ஓர் அமெரிக்கத் தர அளவை 2009இல் வந்தது. அதன்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தை எல்லாம் "எரியும் நேரம்" என்றே கணக்கிடலாம். அந்தப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் நீங்கள் உளி பிடிக்க முடியுமா? அதனால் பெட்டியை நம்பாமல் வீட்டிலேயே சோதனை செய்யுங்கள். முழுசாகச் சார்ஜ் போட்டு, வேலையில் வைக்கும் அதே படியில் எரியவிட்டு, மங்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். உங்கள் வேலை நாலு மணி நேரம் என்றால் விளக்கு ஆறு மணி நேரமாவது நிற்க வேண்டும். ஒன்றரை மடங்கு. ஏன் என்றால், பேட்டரிக்கும் வயசாகும். முந்நூறு முதல் ஐந்நூறு தடவை சார்ஜ் போட்ட பிறகு அதன் பிடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தினமும் சார்ஜ் போடுகிறவருக்கு அது ஓர் ஒன்றரை வருசம்.

பெட்டியில் ஒன்று, உள்ளே ஒன்று

அக்காவின் விளக்கைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். பேட்டரியின் மேல் 9800 என்று அச்சடித்திருந்தது. 18650 அளவில் அது நடக்காத காரியம். மூன்று லிட்டர் பானையில் பத்து லிட்டர் தண்ணீர் என்பது போல. கிளினிக்கில் இருந்த தராசில் வைத்தேன். 29 கிராம். நல்ல 18650 பேட்டரி ஏறக்குறைய 45 முதல் 48 கிராம் நிறுக்கும். மேல்தோல் பெரிசு, உள்ளே சரக்கு இல்லை. அது இரண்டு மணி நேரம் எரிந்ததே பெரிசு.

ஆகவே ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றக்கூடிய விளக்காக வாங்குங்கள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 40 கிராமுக்குக் கீழே இருந்தால் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். "பத்தாயிரம் லூமென்" என்பதும் இதே கதைதான். அத்தனை வெளிச்சத்துக்குச் சுமார் 100 வாட் வேண்டும். அதை நெற்றியில் கட்டினால் நெற்றி வெந்துவிடும்.

கழற்றக்கூடிய பேட்டரியில் இன்னொரு நன்மையும் உண்டு. பேட்டரிக்கு வயசானால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். உள்ளேயே ஒட்டி வைத்திருந்தால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான். விலையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உழைக்கும் விளக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர்: நம் வேலையில் மழை, பனி, வேர்வை, பால் எல்லாம் விளக்கின்மேல் விழும். பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு இடம் இருக்கும். முதல் இடம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது எண் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. எழுதாத எண்ணுக்குப் பதில் எக்ஸ் எழுத்து இருக்கும். நமக்குக் குறைந்தது 4 வேண்டும். வாய்க்காலில் விழக்கூடிய வேலை என்றால் 7.

சார்ஜ் துவாரம்: துவாரத்தை மூடும் ரப்பர் மூடியைப் பாருங்கள். முதலில் பிய்ந்து போவது அதுதான். கெட்டியாக, விரலால் அழுத்தினால் சரியாக உட்கார வேண்டும். கைத்தொலைபேசிக்குப் போடும் சாதாரண வயரே பொருந்துமா என்றும் பாருங்கள். தனி வயர் வேண்டுமென்றால், அது தொலைந்த நாள் விளக்கும் செத்தது.

சுவிட்சு: கையுறை போட்டு, ஈரக் கையால், கண்ணை மூடி அழுத்திப் பாருங்கள். ஒரே அழுத்தில் எரிய வேண்டும், அணைய வேண்டும். ஏழெட்டு தடவை அழுத்திக் கண் சிமிட்டும் வெளிச்சத்தை எல்லாம் தாண்டித்தான் சாதா வெளிச்சம் வரும் என்றால் வேண்டாம்.

மடக்கும் மூட்டு: விளக்கைக் கீழே சாய்த்து வைத்துக்கொண்டு கடையிலேயே நாலு தடவை குதியுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். சாய்த்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். கையில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்றால் சீக்கிரம் கழன்றுவிடும்.

பட்டி: கழற்றித் துவைக்கக்கூடிய பட்டியாக இருக்கட்டும். வேர்வை ஊறிய பட்டியைத் துவைக்காமல் கட்டி, நெற்றியில் படையும் கொப்புளமும் வந்து என்னிடம் மருந்து கேட்பவர்கள் நிறைய. வாரம் ஒரு முறை சவர்க்காரத்தில் கசக்கி நிழலில் காயப் போடுங்கள். தலைக்கவசம் போடுகிறவர்கள் கவசத்தோடு கட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

கனம்: முன்னாலேயே எல்லாக் கனமும் இருந்தால் கழுத்து வலிக்கும். நூறு கிராம் சுற்றி இருந்தால் நல்லது. அதைவிட மிகக் கனமானால் பேட்டரி பின்பக்கம் இருக்க வேண்டும், உச்சியில் ஒரு பட்டியும் வேண்டும். "டிரெசரய்யா, பின்கழுத்து கடுக்குது, தைலம் குடுங்க" என்று வருகிறவரிடம் நான் இப்போது விளக்கைத்தான் முதலில் கேட்கிறேன்.

விளக்கு மங்கலா, கண் மங்கலா?

இதைக் கவனமாகப் படியுங்கள். ஐம்பத்தாறு வயசு அண்ணன் ஒருவர். ஒரே வருசத்தில் மூன்று விளக்கு வாங்கிவிட்டார். ஒன்றைவிட ஒன்று பெரிசு. "எதுவுமே வெளிச்சம் பத்தல. மத்தவங்க லைட்டப் பாத்தா சுத்தி வளையம் வளையமா தெரியுது" என்றார். டார்ச்சு அடித்துப் பார்த்தேன். கண்மணி கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்திருந்தது. கண்ணில் புரை. இரத்தம் சோதித்தால் இனிப்பு நீரும் இருந்தது, அவருக்கே தெரியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் ஆயிற்று. இப்போது முதலில் வாங்கிய சின்ன விளக்கையே கட்டிக்கொண்டு போகிறார்.

வயசாக ஆகக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறையும். அறுபது வயசுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேருவது இருபது வயசுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் உள்ளது மங்கும். பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது பெரிய விளக்கு இல்லை, ஒரு கண்ணாடி. அந்தி சாய்ந்தால் தடுமாறும் குழந்தைகளுக்கு மாலைக்கண் இருக்கலாம். அதையும் காட்டுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருசம் ஒரு முறை கண்ணின் உட்திரையைச் சோதிக்க வேண்டும். புது விளக்கு வாங்கும் முன் கண்ணைக் காட்டுங்கள் என்பது என் வேண்டுகோள்.

சார்ஜ் போடும்போது

லித்தியம் பேட்டரி நல்ல வேலைக்காரன், கோபக்காரனும்கூட. அடிபட்டால், சூடேறினால், மட்டமான சார்ஜரில் போட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் மறுபடி பிடிக்கலாம். ஆகவே,

மெத்தையில், தலையணை ஓரத்தில், கொசுவலைக்குள் சார்ஜ் போடாதீர்கள். சிமெந்துத் தரையில் அல்லது தட்டில் வையுங்கள். வாசற்படியை மறித்தும் வைக்காதீர்கள். தீ என்றால் ஓட அந்த வழிதான்.

எல்லாரும் தூங்கிய பிறகு சார்ஜ் ஏறக்கூடாது. சாயங்காலமே போட்டு, படுக்கும் முன் கழற்றிவிடுங்கள்.

சுவரில் செருகும் அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

மழையில் நனைந்த விளக்கைத் துடைத்து, துவாரம் காய்ந்த பிறகே செருகுங்கள்.

பேட்டரி உப்பினால், கொதித்தால், வாடை வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். குப்பையில் எரிக்காதீர்கள்.

கழற்றிய பேட்டரியைச் சாவி, சில்லறைக் காசோடு ஒரே பையில் போடாதீர்கள். காசு பட்டாலே பொறி பறக்கும். மோட்டார் சீட்டுக்கு அடியில் வெயிலில் வேகவிடாதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. பொத்தான் மாதிரி வட்டப் பேட்டரி போடும் குட்டி விளக்குகள் உண்டு. பிள்ளை அதை விழுங்கினால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாம்பும் பூச்சியும்

மங்கை எடுக்கும் முன், விழுந்த மட்டையைத் தூக்கும் முன், தலையைக் குனிந்து வெளிச்சத்தை அங்கே காட்டிய பிறகே கையை நீட்டுங்கள். எலி இருக்கும் செம்பனைக் காட்டில் நாகம் இருக்கும். நம் பக்கத்துக் கருநாகம் விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும். பட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரத்துக்குமேல் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் கொண்டு போங்கள்.

இரவில் பறக்கும் ஒரு வகைக் குளவி வெளிச்சத்தைத் தேடி வரும். முகத்தைச் சுற்றினால் கையை வீசாதீர்கள். விளக்கைக் குறைத்து, முடிந்தால் அணைத்து, மெல்ல விலகுங்கள். கொசு விளக்குக்காக வருவதில்லை, நம் மூச்சுக்கும் வேர்வைக்கும்தான் வருகிறது. அதற்கு நீளக்கை சட்டையும் கொசு மருந்தும்தான் வழி.

யார் வாங்கித் தருவது?

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்பாக வேலை செய்ய ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தின்கீழ் தரப்படும் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். இருட்டில் வேலை கொடுத்தால் வெளிச்சமும் வேண்டும் என்று அந்தக் குழுவில் கேளுங்கள். தனித்தனியாக முணுமுணுக்காமல், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் இருட்டில் வேலை என்று எழுதி, கிளைத் தலைவர் வழியாகக் கொடுங்கள்.

வேலையில் காயம் பட்டால் சின்னதோ பெரிசோ அன்றைக்கே மண்டோரிடம் சொல்லி, கிளினிக் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கெசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் பெர்கெசோ உண்டு. நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் வேலைக் காயத்துக்குப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் சொல்லுங்கள்.

விளக்கு நின்றுவிட்டால்?

எவ்வளவு நல்ல விளக்கும் ஒரு நாள் நிற்கும். அப்போது என்ன செய்வது என்பதை இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். சட்டைப் பையில் ஒரு குட்டி விளக்கு எப்போதும் இருக்கட்டும். அது நடந்து வெளியே வருவதற்கு, வெட்டுவதற்கு இல்லை. பெரிய விளக்கு நின்றால் உளியை உறையில் போடுங்கள். பக்கத்து நிரைக்காரரைக் கூப்பிடுங்கள், அல்லது உட்கார்ந்து விடியட்டும் என்று இருங்கள். அரை மணி நேரப் பால் குறையும். குறையட்டும்.

அந்த அக்கா இப்போது மறுபடி பால் வெட்டுகிறார். போன வாரம் கிளினிக்குக்கு வந்தபோது புது விளக்கைக் காட்டினார். தானே நிறுத்துப் பார்த்து வாங்கியதாம், பேட்டரி 46 கிராம். விலை கொஞ்சம் கூடத்தான். "இன்னொன்னும் வாங்கினேன் ஐயா, எம் மகனுக்கு" என்றார். மடங்காத விரலோடு பட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அவன்கிட்ட சொல்லிட்டேன், லைட்டு நின்னா வேலையும் நிக்கணும்னு."

நான் ஒரு பக்கம் எழுதியதை அந்த அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டிலும் இதைப் படித்துச் சொல்லுங்கள்.